பெரும்பணக்கார டெக் முதலீட்டாளர்கள் சர்ச்சை வேட்பாளர்களுக்கு ஏன் பணம் கொட்டுகிறார்கள்? கொங்கு மண்ணிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கத் தேர்தலைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று திருப்பூரில் இப்போது யாரும் கேட்பதில்லை. 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி இந்தியப் பொருட்கள் மீது 50% வரி விழுந்ததிலிருந்து, பனியன் கம்பெனி முதலாளியும் செக்கிங் டேபிளில் நிற்பவரும் வாஷிங்டன் செய்தியை ஒரே அக்கறையோடு படிக்கிறார்கள். படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடுவதில்லை. கம்ப்யூட்டர், ராக்கெட், ஏஐ என்று நாளைய உலகத்தைப் பற்றிப் பேசுகிற கோடீஸ்வரர்கள், பாதி நாடு திட்டித் தீர்க்கிற வேட்பாளர்களின் பின்னால் ஏன் போய் நிற்கிறார்கள்? கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். சிலவற்றைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே விட்டுவிட்டேன்.

யார் இந்த முதலீட்டாளர்கள்?

நாலைந்து பெயர்கள் தெரிந்தால் போதும். பீட்டர் தீல்: பேபாலைத் தொடங்கியவர்களில் ஒருவர், ஃபேஸ்புக்கில் வெளியிலிருந்து முதலில் பணம் போட்டவர், உளவுத்துறைக்கும் ராணுவத்துக்கும் மென்பொருள் விற்கும் பாலன்டிரின் இணை நிறுவனர். எலான் மஸ்க்குக்கு அறிமுகம் வேண்டாம். மார்க் ஆண்ட்ரீசன், பென் ஹோரோவிட்ஸ் இருவரும் சேர்ந்து சிலிக்கான் பள்ளத்தாக்கின் பெரிய முதலீட்டு நிறுவனங்களில் ஒன்றை நடத்துகிறார்கள். டேவிட் சாக்ஸ் 2024 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் தன் வீட்டிலேயே டிரம்புக்கு நிதி திரட்டும் விருந்து வைத்தவர். தேர்தலுக்கு அப்புறம் வெள்ளை மாளிகையில் ஏஐ, கிரிப்டோ (டிஜிட்டல் நாணய) கொள்கைக்குப் பொறுப்பாளர் ஆனார்.

தீல், மஸ்க், சாக்ஸ் மூவரும் பேபால் காலத்துப் பழக்கம். இருபது வருடத்துக்கும் மேலாக ஒருவர் கம்பெனியில் ஒருவர் பணம் போட்டு வளர்ந்தவர்கள். ஒருவர் ஒரு பக்கம் சாய்ந்தால் மற்றவர் காதில் அது விழாமல் இருக்காது.

ஏனுங்க, அவங்களுக்கு இருக்கிற பணம் போதாதுங்களா?

போதும். ஏழு தலைமுறைக்குப் போதும். ஆனால் அவர்கள் சொத்தில் முக்கால்வாசி பேங்கில் கிடக்கும் பணம் இல்லை, கம்பெனிப் பங்குகள். அரசாங்கம் ஒரு விதியை மாற்றினால் அந்தப் பங்கின் மதிப்பு ஒரே நாளில் ஏறும் அல்லது இறங்கும். அதனால் சட்டம் எழுதுகிறவர் யார் என்பதில் அவர்களுக்கு இருக்கிற அக்கறை, மாதச் சம்பளக்காரருக்கு இருப்பதைவிட அதிகம்.

சரி, அதற்கு நல்ல பெயருள்ள ஆளாகப் பார்த்து ஆதரிக்கலாமே? ஏன் சர்ச்சை ஆளாகவே தேடிப்பிடிக்க வேண்டும்?

இதுதான் முக்கியமான கேள்வி. சர்ச்சையைச் சகித்துக்கொண்டு ஆதரிக்கிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சர்ச்சைதான் விலையைக் குறைத்துக் கொடுக்கிறது.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் வேர்வாடல் நோய் கண்ட தென்னந்தோப்பைக் குத்தகைக்குக் கேட்க ஆள் வராது. வருகிற ஒருத்தர் சொல்வதுதான் விலை. தோப்பு போய்விட்டால் அவருக்கு நஷ்டம் கொஞ்சம். தேறிவிட்டால், மற்றவர் லட்சக்கணக்கில் கொடுத்து எடுக்கும் காய்ப்பு அவருக்குச் சல்லிசாகக் கிடைக்கும்.

எல்லாருக்கும் பிடித்த வேட்பாளரிடம் பெரிய பேங்குகளும் வக்கீல் நிறுவனங்களும் ஏற்கனவே வரிசையில் நிற்கின்றன. அங்கே நீங்கள் கொடுக்கும் பணம் நூறோடு நூற்றொன்று. ஊரே ஒதுக்கிய வேட்பாளரிடம் அதே பணத்தோடு போனால், உங்கள் பெயர் அவருக்குச் சாகும்வரை மறக்காது.

2016 அக்டோபரை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களைப் பற்றி டிரம்ப் கொச்சையாகப் பேசிய பழைய பதிவு வெளியானது. அவர் கட்சித் தலைவர்களே கழன்றுகொள்ள ஆரம்பித்தார்கள். அடுத்த சில நாட்களில், தீல் 12.5 லட்சம் டாலர் கொடுக்கப்போகிறார் என்ற செய்தி வந்தது. அமெரிக்க அதிபர் தேர்தலில் இது சில்லறைக் காசு. நவம்பரில் டிரம்ப் ஜெயித்தார். ஆட்சிப் பொறுப்பேற்கும் ஏற்பாடுகளைக் கவனித்த குழுவில் தீலுக்கு இடம் கிடைத்தது. டிசம்பர் 14 அன்று நியூயார்க்கின் டிரம்ப் டவரில் டெக் தலைவர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம். ஜெஃப் பெசோஸ், டிம் குக், சத்யா நாதெல்லா, லாரி பேஜ் என்று எல்லாரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். டிரம்புக்குப் பக்கத்து நாற்காலி தீலுக்கு. கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்க, டிரம்ப் அவர் கையைப் பிடித்துப் பாராட்டினார். அந்த மேசையில் இருந்த பெரும்பாலான கம்பெனிகள் மதிப்பில் தீலுடையவற்றைவிடப் பல மடங்கு பெரியவை. 12.5 லட்சம் டாலருக்கு வேறெந்த வேட்பாளரிடம் அந்த நாற்காலி கிடைத்திருக்கும்?

தோற்றுவிட்டால்? பணம் போச்சே?

போகும். அதற்குப் பழகினவர்கள் அவர்கள். புதுக் கம்பெனிகளில் பணம் போடும் வென்ச்சர் கேப்பிடல் தொழிலே அப்படி. பத்துக் கம்பெனியில் போட்டால் பெரும்பாலானவை மூழ்கும், ஒன்றிரண்டு போட்ட காசைத் தரும், ஒன்று எகிறினால் மொத்தக் கணக்கும் நேராகிவிடும். தீல் 2004-இல் ஃபேஸ்புக்கில் போட்டது 5 லட்சம் டாலர். அதற்குக் கிடைத்தது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பிற்பாடு விற்றபோது கைக்கு வந்தது 100 கோடி டாலருக்கும் மேல். ஒரு தடவை இப்படிப் பார்த்தவருக்கு ஒன்பது தோல்வி பெரிதாகத் தெரியாது.

நம்ம ஊரில் மில்லும் ஃபவுண்டரியும் வைத்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஒட்டாது. இங்கே பத்தில் ஏழு மூழ்கினால் பேங்க்காரன் வீட்டு வாசலில் நிற்பான்.

இதற்கு நல்ல உதாரணம் ஒன்று சொல்லுங்கள்.

ஜே.டி. வான்ஸ். அவரும் முதலீட்டாளராக இருந்தவர்தான். தீலின் மித்ரில் நிறுவனத்தில் வேலை பார்த்தார். அப்புறம் ஒஹாயோவில் நார்யா என்று சொந்தமாக ஒரு நிதியைத் தொடங்கினார்; தீல், ஆண்ட்ரீசன், கூகுளின் முன்னாள் தலைவர் எரிக் ஷ்மிட் ஆகியோர் அதில் பணம் போட்டார்கள். 2016-இல் டிரம்பைக் கடுமையாக விமர்சித்த எழுத்தாளராகத்தான் வான்ஸை நாடு அறிந்திருந்தது.

2021 தொடக்கத்தில் தீல் அவரை ஃப்ளோரிடாவுக்கு அழைத்துப்போய் டிரம்பைச் சந்திக்க வைத்தார். பழைய விமர்சனத்துக்கு வருத்தம், புதிய உறவு. ஒஹாயோ செனட் தொகுதிக்கு வான்ஸ் நின்றபோது தீல் போட்டது மொத்தம் 1.5 கோடி டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 120 கோடி ரூபாய். கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்வில் வான்ஸ் நெடுநாள் பின்தங்கியே இருந்தார். 2022 ஏப்ரலில் டிரம்ப் ஆதரவு சொன்ன பிறகுதான் முந்தினார். அப்போதும் அவர் வாங்கியது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான வாக்குதான். நவம்பரில் செனட்டர், 2024 ஜூலையில் துணை அதிபர் வேட்பாளர், 2025 ஜனவரியில் துணை அதிபர். முதல் நன்கொடையிலிருந்து எண்ணினால் நாலு வருடம்கூட ஆகவில்லை.

அதே 2022-இல் அரிசோனாவில் தன்னிடம் வேலை பார்த்த பிளேக் மாஸ்டர்ஸுக்கும் தீல் ஏறக்குறைய அவ்வளவே கொட்டினார். மாஸ்டர்ஸ் தோற்றுப்போனார். இரண்டில் ஒன்று முழு நஷ்டம், மற்றொன்று துணை அதிபர். எந்த முதலீட்டாளரும் இந்த விகிதத்துக்கு ஒத்துக்கொள்வார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த இருவர் விஷயத்திலும் தீல் ஏற்கனவே இருக்கும் அரசியல்வாதிகளைப் பிடிக்கப் பார்க்கவில்லை. தன் அலுவலகத்தில் பழகிய, தன் சிந்தனை தெரிந்த ஆட்களையே நிறுத்தினார். 2017-இல் டிரம்ப் அரசுக்குத் தொழில்நுட்பத் துறையில் போன மைக்கேல் கிராட்சியோஸும் தீலின் அலுவலகத்திலிருந்து போனவர்தான். இப்போது வெள்ளை மாளிகையின் அறிவியல் தொழில்நுட்பக் கொள்கை அலுவலகம் அவர் பொறுப்பில். நன்கொடை கொடுத்து ஒரு கையெழுத்து வாங்குவது பழைய வழி. கையெழுத்துப் போடும் இடத்தில் தெரிந்த ஆளை உட்கார வைப்பது இவர்கள் வழி.

இவ்வளவு பணம் கொடுக்க அங்கே சட்டம் விடுகிறதா?

நேரடியாக விடாது. 2024 தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு ஒரு தனிநபர், ஒரு தேர்தலுக்கு 3,300 டாலருக்கு மேல் கொடுக்க முடியாது. ஆனால் 2010-இல் வந்த நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு அப்புறம், வேட்பாளரோடு கலந்து பேசாமல் தனியாகச் செலவு செய்யும் குழுக்களுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம். இவற்றைத்தான் சூப்பர் பேக் என்கிறார்கள். 'கலந்து பேசாமல்' என்பது ஏட்டில் இருக்கிறது. நடப்பு வேறு என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

மஸ்க் 2024 தேர்தலில் செலவழித்தது 25 கோடி டாலருக்கு மேல். நம் பணத்தில் 2,100 கோடி ரூபாய் தாண்டும்.

அப்படி என்னதான் வேண்டும் அவர்களுக்கு?

ஆளுக்கு ஆள் வேறு. பொதுவாக அடிபடுவது நாலு விஷயம்.

வரி முதலாவது. 10 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ளவர்கள், விற்காத பங்கின் விலை ஏற்றத்தையும் சேர்த்து, குறைந்தது 25% வரி கட்ட வேண்டும் என்று பைடன் நிர்வாகம் தன் பட்ஜெட் யோசனையில் சொன்னது. அது சட்டமாகவே இல்லை. ஆனால் முதலீட்டாளர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. கையில் காசாக வராத லாபத்துக்கு வரி என்றால் ஸ்டார்ட்அப் தொழிலே படுத்துவிடும் என்று ஆண்ட்ரீசனும் ஹோரோவிட்ஸும் 2024 ஜூலையில் வெளிப்படையாகச் சொல்லித்தான் டிரம்ப் பக்கம் போனார்கள். 2016-இல் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டனை ஆதரித்தவர் ஆண்ட்ரீசன்.

அடுத்தது கிரிப்டோ. பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத் தலைவராக இருந்த கேரி ஜென்ஸ்லர் காலத்தில் அந்தத் தொழில் மீது வழக்கு மேல் வழக்கு. 2023 ஜூனில் பெரிய கிரிப்டோ சந்தையான காயின்பேஸ் மீதே வழக்கு. கிரிப்டோ நிறுவனங்கள் சேர்ந்து ஃபேர்ஷேக் என்ற சூப்பர் பேக்கைத் தொடங்கி, 2024-இல் 13 கோடி டாலருக்கு மேல் செலவழித்தன. ஒஹாயோவில் ஷெராட் பிரவுன் என்ற ஒரே ஒரு செனட்டரைத் தோற்கடிக்க மட்டும் சுமார் 4 கோடி டாலர். வேடிக்கை என்னவென்றால், அந்த விளம்பரங்களில் பெரும்பாலானவற்றில் கிரிப்டோ என்ற பேச்சே கிடையாது. விலைவாசி, எல்லைப் பாதுகாப்பு, வேலைவாய்ப்பு என்று ஊரார் கவலைப்படுவதைப் பேசின. பிரவுன் தோற்றார். 2025 பிப்ரவரியில் காயின்பேஸ் மீதான வழக்கு கைவிடப்பட்டது. ஜூலையில் ஸ்டேபிள்காயின்களுக்கு (டாலர் போன்ற நாணயத்தோடு மதிப்பைக் கட்டிவைத்த கிரிப்டோவுக்கு) அங்கீகாரம் தரும் சட்டத்தில் டிரம்ப் கையெழுத்திட்டார். ஃபேர்ஷேக் இரண்டு கட்சி ஆட்களுக்கும் பணம் கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்குக் கட்சி முக்கியமில்லை, கிரிப்டோவுக்குக் குறுக்கே நிற்கிறாரா என்பதே முக்கியம்.

மூன்றாவது, கம்பெனி விற்பனை. சின்னக் கம்பெனியைப் பெரிய கம்பெனி வாங்கும்போதுதான் முதலீட்டாளர் பெரும்பாலும் பணத்தைக் கண்ணில் பார்க்கிறார். வணிகப் போட்டி ஆணையத் தலைவர் லினா கான் அத்தகைய வாங்கல்களைத் துருவிப் பார்த்தார். இங்கே ஒரு முரண் உண்டு: அதே லினா கானை வான்ஸ் பாராட்டிப் பேசினார், அவரை மாற்றச் சொன்னவர் கமலா ஹாரிஸுக்குப் பணம் கொடுத்த, லிங்க்ட்இன் இணை நிறுவனர் ரீட் ஹாஃப்மன். கட்சிக் கோட்டை வைத்து இதைப் புரிந்துகொள்ளப் போனால் தலைதான் சுற்றும்.

நாலாவது, அரசு ஒப்பந்தம். 2025-இல் அமெரிக்க ராணுவம் பாலன்டிரோடு பத்து வருடத்துக்கு அதிகபட்சம் 1,000 கோடி டாலர் வரை போகக்கூடிய உடன்பாடு செய்தது. நன்கொடையால்தான் அது கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒபாமா, பைடன் காலத்திலும் பாலன்டிருக்கு அரசு வேலை இருந்தது. ஆனால் வாடிக்கையாளரே அரசாங்கமாக இருக்கும் கம்பெனி முதலாளிக்கு அரசியல் பொழுதுபோக்காக இருக்க முடியாது.

எல்லாமே காசுக் கணக்குத்தானா? கொள்கை, நம்பிக்கை ஒன்றும் கிடையாதா?

இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் பாதிக் கதைதான். சுதந்திரமும் ஜனநாயகமும் ஒத்துப்போகும் என்று இனித் தான் நம்பவில்லை என்று தீல் 2009-லேயே கட்டுரை எழுதியவர். நாட்டை ஒரு கம்பெனி போல, ஒரே தலைமை அதிகாரியின் கீழ் நடத்த வேண்டும் என்று எழுதிவரும் கர்ட்டிஸ் யார்வினின் நிறுவனத்தில் தீலின் நிதி முதலீடு செய்திருக்கிறது. பெரிய பல்கலைக்கழகம், பத்திரிகை, அரசு அலுவலகம் எல்லாம் தேங்கிப்போய்விட்டன, உலுக்கினால்தான் எதுவும் நகரும் என்பது இந்த வட்டத்தில் பலருக்கு மனப்பூர்வமான எண்ணம். உலுக்குவதற்கு நாசூக்கான ஆள் உதவமாட்டார்.

மனக்கசப்பும் உண்டு. தீல் தன்பாலின ஈர்ப்பாளர் என்று காக்கர் என்ற வம்புச் செய்தி நிறுவனத்தின் இணையதளம் ஒன்று 2007-இல் அவர் விருப்பம் கேட்காமல் எழுதியது. அவர் உடனே ஒன்றும் செய்யவில்லை. வருடங்கள் கழித்து, காக்கர் மீது மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன் போட்ட வழக்குக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தார். 2016 மார்ச்சில் 14 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்பு, காக்கர் திவால். பணம் கொடுத்தது யார் என்பது தீர்ப்புக்கு அப்புறம்தான் வெளியே தெரிந்தது. ஒன்பது வருடம் காத்திருந்தவரை வெறும் லாபக் கணக்கில் அடக்க முடியாது.

மஸ்க்கும் அப்படித்தான். 4,400 கோடி டாலர் கொடுத்து ட்விட்டரை வாங்கியதைப் பங்குச் சந்தைக் கணக்கு தெரிந்த எவரும் நல்ல வியாபாரம் என்று சொல்லவில்லை.

டெக்காரர்கள் எல்லாரும் டிரம்ப் பக்கமா?

இல்லவே இல்லை. 2024-லும் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் கமலா ஹாரிஸுக்கு 80% வாக்கு விழுந்தது. ரீட் ஹாஃப்மன், ஃபேஸ்புக் இணை நிறுவனர் டஸ்டின் மோஸ்கோவிட்ஸ், முதலீட்டாளர் வினோத் கோஸ்லா எல்லாம் அந்தப் பக்கம். கிரிப்டோ மோசடியில் 25 வருடச் சிறைத்தண்டனை வாங்கிய சாம் பேங்க்மன்-ஃப்ரைடு 2022 தேர்தலில் வெளிப்படையாகக் கொடுத்ததில் பெரும்பகுதி ஜனநாயகக் கட்சிக்குத்தான் போனது.

நம்ம ஊர் முதலாளிகளும் இதைத்தானே செய்றாங்க?

பாதி சரி. இங்கே தொழில் செய்பவரின் கவலை, எந்தக் கட்சி வந்தாலும் நம்ம ஃபைல் நிற்கக்கூடாது என்பது. மின் இணைப்பு, கட்டட அனுமதி, சாயப்பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி என்று நூறு கதவு. அதனால் ரசீதுப் புத்தகத்தோடு வருகிற எல்லாக் கட்சிக்காரருக்கும் டீ வாங்கிக்கொடுத்து, ஏதோ ஒரு தொகையும் கொடுத்து அனுப்புவார். ஒரே ஆள் மேல் மொத்தத்தையும் கட்டமாட்டார். இவர் வாங்குவது பாதுகாப்பு. தீல் வாங்கியது வாய்ப்பு.

தேர்தல் பத்திரக் கணக்கைப் பார்த்தாலே தெரியும். 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்து, விவரங்களை வெளியிடச் சொன்னது. நாட்டிலேயே அதிகத் தொகைக்குப் பத்திரம் வாங்கியது நம்ம கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனமான ஃப்யூச்சர் கேமிங்: 1,368 கோடி ரூபாய். அதில் லாட்டரி நடக்கும் மேற்கு வங்கத்தின் ஆளுங்கட்சிக்கும் போயிருக்கிறது, 2003 முதல் லாட்டரி தடை செய்யப்பட்ட தமிழ்நாட்டில் திமுகவுக்கும் போயிருக்கிறது, பாஜகவுக்கும் போயிருக்கிறது. ஒன்றுக்கொன்று ஆகாத கட்சிகள் எல்லாம் ஒரே பட்டியலில்.

இன்னொரு வித்தியாசம்: நம் பக்கத்துத் தொழில் குடும்பங்கள் அடுத்தவரை நிறுத்துவதைவிடத் தாங்களே நின்றன. பொள்ளாச்சி நா. மகாலிங்கம் 1952 முதல் 1967 வரை காங்கிரஸ் எம்எல்ஏ. கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார், காங்கிரஸ்காரராக இல்லாமலேயே, சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனார். தீலுக்கும் மஸ்க்குக்கும் அதிபர் நாற்காலி கிடைக்க வழியே இல்லை. ஒருவர் ஜெர்மனியில் பிறந்தவர், மற்றவர் தென்னாப்பிரிக்காவில். பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகனாக இருப்பவர்தான் அதிபர் ஆகலாம் என்பது அந்த நாட்டு அரசியல் சட்டம்.

மஸ்க் தினம் ஒருத்தருக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தாரே, அது ஓட்டுக்குப் பணம்தானே?

ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். 2023-இல் வாக்காளர்களை ஷெட்டில் உட்கார வைத்துப் பணம் கொடுத்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. மஸ்க் நேராக ஓட்டுக்குக் கொடுக்கவில்லை. முக்கிய மாநிலங்களில் பதிவு செய்த வாக்காளர்கள் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டால் அவர்களில் தினம் ஒருவருக்குப் பரிசு என்றார். பிலடெல்பியாவில் வழக்கு வந்தது. அங்கே அவர் தரப்பு வக்கீலே, குலுக்கிப் போட்டு எடுக்கவில்லை, ஆட்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம் என்றார். நீதிபதி தடை போடவில்லை. நம்மூரில் டோக்கன் கொடுப்பவர்கள் இந்த வக்கீலைத் தேடக்கூடும்.

போட்ட பணம் திரும்ப வந்ததா?

கிரிப்டோகாரர்களுக்கு வந்தது. தீலுக்கும் வந்தது, 2024 அதிபர் தேர்தலில் அவர் பணமே கொடுக்காமல் ஒதுங்கியிருந்தும்கூட.

மஸ்க் கணக்கு சிக்கல். அரசுச் செலவைக் குறைக்கும் பொறுப்பு கிடைத்தது. 2025 மே கடைசியில் விலகினார். அதற்கு முன்பே, ஏப்ரலில் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றத் தேர்தலில் அவர் தரப்பு 2 கோடி டாலருக்கு மேல் இறக்கி ஆதரித்த வேட்பாளர் பத்து சதவீத வித்தியாசத்தில் தோற்றார். ஜூன் 5 அன்று டிரம்போடு பகிரங்கமாகச் சண்டை. அந்த ஒரே நாளில் டெஸ்லா பங்கு 14% சரிந்தது. தனிக்கட்சி என்றார். அப்புறம் நவம்பரில் வெள்ளை மாளிகை விருந்தில் மறுபடி தென்பட்டார். சர்ச்சை ஆளை மலிவாக வாங்கலாம்தான். வாங்கினபின் அவர் சொன்ன பேச்சுக் கேட்பார் என்ற உத்தரவாதம் மட்டும் கூட வருவதில்லை.

இவ்வளவு செல்வாக்கு இருந்தும் எங்க மேல விழுந்த வரியை ஏன் தடுக்கலைங்க?

திருப்பூரில் கேட்ட கேள்வி. நேர்ப் பதில்: நம்ம பனியனில் அவர்கள் யாருக்கும் பங்கு இல்லை.

திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. ஆகஸ்டில் வரி அமலுக்கு வரும் முன் பெட்டியை அனுப்பிவிட வேண்டும் என்று ராத்திரி ஷிஃப்ட் ஓட்டியவர்களும், 'வரியில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று பையர் அனுப்பிய மெயிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர்களும் நிறைய. கட்டிங் முடிந்து பண்டல் கட்டிவைத்த துணியைத் தைக்கவா வேண்டாமா என்று ஜாப் ஒர்க்காரருக்குச் சொல்ல முடியாத நிலை. அதே சமயத்தில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகி அமெரிக்கா போன ஐபோனுக்கு அந்த 50% இல்லை. ஸ்மார்ட்ஃபோன், கம்ப்யூட்டர் வகைகளுக்கு ஏப்ரலிலேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். ஆப்பிளின் டிம் குக் பதவியேற்பு விழாவுக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தவர் என்பது செய்தி. விலக்குக்கு அதுதான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் சொந்தப் பொருளுக்கு ஆபத்து வந்தபோது ஃபோனை எடுத்துப் பேச அவர்களுக்கு ஆள் இருந்தது; நம்ம டீசர்ட்டுக்கு அங்கே யாரும் இல்லை.

கோவை சரவணம்பட்டியில் ஐடி வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் வேலை பார்க்க வாங்கும் எச்1பி விசா விஷயத்தில் இவர்கள் நம் பக்கம்தானே?

2024 டிசம்பரில் அப்படித்தான் தெரிந்தது. சென்னையில் பிறந்து எஸ்ஆர்எம் கல்லூரியில் படித்து ஆண்ட்ரீசன் நிறுவனத்தில் பங்குதாரராக இருந்த ஸ்ரீராம் கிருஷ்ணனை டிரம்ப் ஏஐ ஆலோசகராக அறிவித்தார். டிரம்பின் தீவிர ஆதரவாளர்கள் கொதித்தார்கள். எச்1பி வேண்டும் என்று மஸ்க் சண்டைக்கு நின்றார். விவேக் ராமசாமியும் சேர்ந்துகொண்டார். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் வேர் கொண்ட, தமிழ் பேசத் தெரிந்தவர், அவரும் பயோடெக் தொழிலில் பணம் பார்த்தவர். டிரம்பும் மஸ்க் பக்கமே பேசினார்.

2025 செப்டம்பரில் புதிய எச்1பி விண்ணப்பத்துக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அதே டிரம்ப் அறிவித்தார். பெரிய கம்பெனி வேண்டிய ஒரு ஆளுக்கு அதைக் கட்டிவிடும். கோவையிலிருந்து ஆள் அனுப்பும் நடுத்தரக் கம்பெனிக்குக் கட்டுபடியாகாது. சண்டை போட்டவர்களுக்கு அதில் பெரிய நஷ்டம் இல்லை; அதனால்தானோ என்னவோ இரண்டாவது தடவை அவ்வளவு சத்தமும் இல்லை.

யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று நாமே பார்க்க முடியுமா?

முடியும். அமெரிக்கத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பெயரை அடித்தால் தேதி, தொகை, வேலை, கம்பெனி எல்லாம் வரும். 200 டாலருக்கு மேல் கொடுத்த தனிநபர் பெயர்கள் அதில் உண்டு. சூப்பர் பேக்குகளும் கணக்குக் காட்ட வேண்டும். நன்கொடையாளர் பெயரைச் சொல்ல அவசியமில்லாத வேறு வகை அமைப்புகள் வழியாகப் போகும் பணம் மட்டும் அங்கே தெரியாது.

நம் நாட்டில் 20,000 ரூபாய்க்கு மேல் வாங்கிய நன்கொடை விவரத்தைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்துக்குத் தர வேண்டும். ஆணையத் தளத்திலும் அவை இருக்கின்றன. ஊர் பெயர் போட்டுத் தேடலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். பல அறிக்கைகள் ஸ்கேன் எடுத்த பிடிஎஃப். கோயமுத்தூர் முகவரி எங்கே வருகிறது என்று பக்கம் பக்கமாகத் தள்ளித்தான் பார்க்க வேண்டும்.